உப்பில்லாத விருந்து

இரவு பதினொன்றேகால். கலிபோர்னியாவில் டப்ளினிலிருந்து மலைப்பக்கம் போகிற டஸ்ஸஹாரா ரோடு. எண்பத்தாறாம் வருஷம், நவம்பர். அப்போது அங்கே தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் காய்ந்த புல்மேடு, முள்கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் நின்றபடியே தூங்கும் மாடுகள். மூடுபனி... காரின் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது.

அந்த நேரத்துக்கு அந்த ரோட்டில் தினமும் ஒரு பழைய டாட்ஸன் போகும். ஓட்டுவது ஸ்வர்ணா. பின் ஸீட்டில் போர்வைக்குள் அவள் பெண் ராஜி. நாலு வயசு.

ஸ்வர்ணா என் சிநேகிதி மீனாக்ஷிக்கு நாத்தனார். மீனாக்ஷி கதை கட்டுகிறவள் இல்லை. அவள் என்னிடம் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன்.

"இந்தக் கதை வேண்டாம் அக்கா, இவர் ஊரில இல்லை, நான் இண்டைக்குத் தனியப் படுக்கவேணும்," என்றாள் எதிர்வீட்டுப் பத்மராணி. சொல்லிக்கொண்டே போர்வையோடு நகர்ந்து என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். கிழக்குக் கரையில் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீடு. பனிப்புயலில் மின்சாரம் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி.

"பயப்படறவாளுக்குத்தான் கதை ருசிக்கும்," என்றார் பக்கத்து வீட்டு சுவாமிநாதன் அங்கிள். "நீ சொல்லும்மா."

சொன்னேன்.

ஸ்வர்ணாவின் கணவர் ஜம்புநாதனுக்கு கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். அவளுக்கும் இரவு வேலை. ஈரானிலிருந்து ஓடி வந்து அந்த ரோட்டில் தனியாக இருந்த ஒரு கிழவிக்குத் துணையாகப் படுக்க வேண்டும். எண்பது வயசு. எல்லாரும் அவளை 'கானும்' என்பார்கள், நம் ஊர் அம்மாள் மாதிரி. மகன் லாஸ் ஏஞ்சலஸில் பல் டாக்டர். குழந்தையை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் ஸ்வர்ணா அவளையும் தூக்கிக்கொண்டு போவாள். ராஜி ஹால் சோபாவில் தூங்குவாள்.

அந்த வீட்டில் இரண்டு விஷயம் விசித்திரம். ஒன்று, சமையலறையில் எங்கே தேடினாலும் உப்பு இருக்காது. பிளட் பிரஷர் என்று ஸ்வர்ணா நினைத்துக்கொண்டாள். இன்னொன்று, யார் தட்டினாலும், எப்படித் தட்டினாலும், பின்கதவை ராத்திரியில் திறக்கக்கூடாது.

நாலாம் நாள் ராத்திரி கானும் தானாகவே காரணம் சொன்னாள். உடைந்த இங்கிலீஷில், சுவரைப் பார்த்துக்கொண்டு.

முதல் உலக யுத்தம். அவள் அப்பா பாரசீக மலைகளில் ஒரு கூட்டத்துக்குத் தலைவர், கான். அவர் சொன்னால் நாலாயிரம் பேர் துப்பாக்கி எடுப்பார்கள். எண்ணெய்க் குழாய் அவர் நிலத்தின் வழியாகப் போயிற்று. அதனால் எல்லோருக்கும் அவருடைய நட்பு வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஜெர்மன்காரன் தங்கத்தோடு வந்தான். இன்னொரு பக்கம் இங்கிலீஷ் அரசாங்கத்தின் பிரதிநிதி, கான்சல், காகிதத்தோடு வந்தார். கான் கான்சலைத் தேர்ந்தெடுத்தார். விருந்து, துப்பாக்கிகள், முத்திரை போட்ட ஒப்பந்தம். நட்புக்கு அடையாளமாக கான்சல் ஒன்றே ஒன்று கேட்டார். கானின் ஆறு வயசுப் பையனை இங்கிலீஷ் படிக்கத் தன்னோடு அனுப்பவேண்டும்.

அனுப்பினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருவன் கானின் கூடாரத்துக்கு ஓடி வந்தான். ஜெர்மன்காரனோடு சேர்ந்து இங்கிலீஷ்காரர்களின் தந்திக் கம்பிகளை அறுத்தவன். பசியில் நிற்க முடியவில்லை. கான் சோறு போட்டார். அந்த மலையில் ஒருத்தன் உங்கள் உப்பைத் தின்றுவிட்டால் அவன் உயிருக்கு நீங்கள் பொறுப்பு. உங்கள் அப்பனைக் கொன்றவனாக இருந்தாலும் சரி. நாற்பது நாள் அவன் அங்கே இருந்தான். பிறகு கான்சலின் கடிதம் வந்தது. கானும் அதை மனப்பாடமாகச் சொன்னாள். 'என் அரசாங்கம் எதையும் பறிப்பதில்லை. நண்பரிடம் கேட்கிறது, அவ்வளவே. உங்கள் விருந்தாளியை விடியற்காலை அனுப்பி வையுங்கள். உங்கள் மகன் சௌக்கியம்.'

அன்று ராத்திரி கான் பெரிய விருந்து வைத்தார். ஆட்டுக்கறி, புலவு, ரொட்டி. எதிலும் உப்பில்லை. நாளைக்கு யாராவது கேட்டால், 'இன்று அவன் என் உப்பைத் தின்னவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

பத்து வயசு கானும் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். முதல் கவளம் வாயில் போனதும் அவன் நிமிர்ந்து கானைப் பார்த்தான். குனிந்து... முழுவதையும் சாப்பிட்டான்.

மறுநாள் அவனைக் கொண்டுபோனார்கள். மத்தியானம் கான்சலின் குதிரையில், புது பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு பையன் திரும்பி வந்தான்.

"தம்பி வந்துட்டானே, அப்புறம் என்ன?" என்று ஸ்வர்ணா கேட்டிருக்கிறாள்.

கானும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். என் அம்மா சாகும்வரை, திரும்பி வந்த அந்தப் பையனைத் தன் கூடாரத்தில் படுக்க விடவில்லை.

"எதுக்காம்?" என்றார் சுவாமிநாதன்.

தெரியாது அங்கிள். கானும் அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த விருந்தைச் சாப்பிட்டவன் எழுபது வருஷமாகத் தன் உப்பைத் தேடி வருகிறான் என்று மட்டும் சொன்னாள். டெஹ்ரானில் வந்தான், பாரிஸில் வந்தான், இங்கேயும் வருகிறான். அவனுக்கு உப்பு போடுகிறவள் அவனுக்குப் பொறுப்பு.

ஸ்வர்ணா நம்பவில்லை. கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் கடையிலிருந்து உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. தன் கைப்பையில் தினமும் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதமும் நார்த்தங்காயும் இருப்பதை அவள் யோசிக்கவேயில்லை. நம் வீட்டுச் சோற்றை நாம் உப்பு என்று நினைப்பதுண்டா?

ஒன்பதாம் நாள். விடியற்காலை மூன்று மணி. டப்பா மூடி தரையில் உருண்டு, சுற்றி, படுக்கிற சத்தம். ஸ்வர்ணா விழித்தாள். சோபாவில் ராஜி இல்லை.

சமையலறையில் குளிர் காற்று. பின்கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் ராஜி குந்தியிருந்தாள். அவளுக்கு எதிரே, வெளிப்படியில், ஓர் ஆள். உருண்டைக் கம்பளித் தொப்பி. நனைந்த கம்பளி வாசனை, குதிரை வேர்வை வாசனை, ஆறிப்போன புகை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, அங்கிள் இஸ் ஸோ ஹங்ரி," என்றாள் ராஜி.

அவன் நார்த்தங்காயை நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். தோள்கள் குலுங்கின... சத்தமே வரவில்லை. பிறகு எழுந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். நம் வீட்டுக்கு வந்தவர்கள் உட்காருவது போல, கொஞ்சம் கூச்சத்தோடு.

ஸ்வர்ணா குழந்தையை வாரிக்கொண்டு கானுமின் அறைக்கு ஓடினாள். கானும் விழித்துத்தான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்லவேண்டும் என்றாளாம் ஸ்வர்ணா. இனி அவன் உன் விருந்தாளி, என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். உடனே குறட்டை.

அப்போது ரோட்டில் குளம்புச் சத்தம். ஒன்றல்ல, பத்து இருபது. சேணத்தின் இரும்பு கிணுகிணுத்தது. வீட்டின் முன்னால் நின்றது.

முன்கதவில் மூன்று தட்டு. அளந்து தட்டினாற்போல.

ஸ்வர்ணா ராஜியைக் கானுமின் காலடியில் விட்டாள். 'இங்கேயே இரு' என்று சொல்லிவிட்டு ஹாலுக்கு வந்தாள். வெளியே ஓர் ஆணின் குரல். பழைய, அழகான இங்கிலீஷ். மிரட்டவில்லை, அவசரப்படவில்லை. இந்த நேரத்தில் தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், மேடம். உங்களிடம் ஒரு விருந்தாளி இருப்பதாக அறிகிறேன். நட்பு முறையில் கேட்க வந்தேன்.

அவள் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

உங்களுடையது ஒன்று எங்களிடம் இருக்கிறது, என்றது குரல். அவள் சௌக்கியம்.

"அம்மா... ஐம் கோல்ட்."

கதவுக்கு வெளியிலிருந்து. ராஜியின் குரல்.

ஸ்வர்ணா திரும்பி ஓடினாள். கானுமின் கட்டிலில் கானும் மட்டும்தான். காலடியில் போர்வை கசங்கியிருந்தது, சூடு ஆறாமல்.

திரும்பி வந்தபோது அந்த ஆள் சமையலறையிலிருந்து எழுந்து வந்திருந்தான். அவளைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை, மன்னி, அதுதான் தாங்கலை, என்று ஸ்வர்ணா பிற்பாடு மீனாக்ஷியிடம் அழுதிருக்கிறாள். "நான் பிடிச்சுத் தள்ளலை மன்னி. போன்னும் சொல்லலை. கதவுக்கு முன்னால நின்னுண்டிருந்தேன். ஒரு அடி... ஒரே ஒரு அடி நகர்ந்துண்டேன்."

ஒரு அடி. அந்த இடத்தில் நான் இருந்தால் எத்தனை அடி நகர்ந்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். யோசித்திருக்கவே மாட்டேன். ஓடிப்போய் நானே கதவைத் திறந்திருப்பேன். அது தெரிவதுதான் எனக்குப் பயம்.

அவன் தானே தாழ்ப்பாளை நீக்கினான். பனிக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. குளம்புகள் மலைப்பக்கம் போய்த் தேய்ந்தன.

சோபாவில் ராஜி தூங்கிக்கொண்டிருந்தாள். கால் பாதம் ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

காலையில் கானும் அவித்த முட்டைக்கு உப்பு கேட்டாள். ஸ்வர்ணா அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை. ரெண்டு மாதத்தில் குடும்பமே இந்தப் பக்கம் எடிசனுக்கு வந்துவிட்டது.

"குழந்தைதான் கிடைச்சிட்டுதே அக்கா," என்றாள் பத்மராணி. என் கையை விடவில்லை. "அப்ப நல்ல முடிவுதானே?"

சுவாமிநாதன் அங்கிள் மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

போன மாதம் மீனாக்ஷி எடிசனுக்குப் போயிருந்தாள். மூன்றாவது மாடி அபார்ட்மென்ட். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள், ஹாலில் ஸ்வர்ணா வாசல் கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் தரையில் மெத்தை. அதில் ராஜி நல்ல தூக்கம்.

"தூங்கலையா ஸ்வர்ணா?"

"சித்த இருங்கோ மன்னி. இப்ப கேக்கும்."

ஹீட்டர் குழாய் டக்... டக்... என்றது. நின்றது. பிறகு கதவின் அடியில், தரையோடு ஒட்டினாற்போல, ஒரு குழந்தையின் குரல்.

"அம்மா... ஐம் கோல்ட்."

ராஜிக்கு இப்போது ஏழு வயசு. அது நாலு வயசுக் குரல்.

ஸ்வர்ணா எழுந்தாள். சங்கிலியில் கை வைத்தாள். மெத்தையில் படுத்திருந்தவள் அசையவில்லை. கண்ணைத் திறக்கவுமில்லை. தெளிவாக, நிதானமாகச் சொன்னாள்:

"டோன்ட் ஓபன் இட், அம்மா."