இடது கண்ணின் இரட்டைக் கோடு

நீங்கள் உள்ளே வரும்போது எதிர் வீட்டு ஜன்னலைக் கவனித்தீர்களா? திரையை மாற்றியிருக்கிறார்கள். மருமகளின் தேர்வாகத்தான் இருக்கும். மாமியாருக்குப் பச்சை ஆகாது. இந்தத் தெருவில் என் பார்வைக்குத் தப்பியது எதுவும் இல்லை. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

இந்த மாடியில் நானும் என் ஓரகத்தியும் பொம்மைக் குதிரை செய்கிறோம். தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் குதிரையை வாங்கி, குதிரை வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் குதிரை மாதிரியே மாற்றிக் கொடுப்போம். தொடங்கியது நான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு, போனால் போகிறதென்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பிடரி மயிர் கீறுவதற்கென்று நானே முனையைப் பிளந்து வைத்த கம்பி ஒன்று உண்டு. அதைப் போல இன்னொன்று எவரிடமும் கிடையாது. எனக்கும் திறமை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் கண்தான் குதிரை. பழைய கண்ணைக் குடைந்து எடுத்துவிட்டு, எபாக்சி மாவைப் பிசைந்து வைத்து, இமையை மடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மாவு கல்லாகிவிடும். அதற்குள் அந்தக் கண் நம்மைப் பார்க்க வேண்டும். அவள் செய்தது பார்க்கும். நான் செய்தது முழிக்கும். இது என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தது. "கண்ண அவகிட்ட விட்டுடு. நீ வாலப் பாரு" என்றார், பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்காமல்.

ஆறு வருடம் வாலைப் பார்த்தேன்.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவளாக இருந்தால் தெருவில் நாலு பேரிடம் சொல்லி ஆறியிருப்பேன். "எல்லாம் நீங்க போட்ட பாதைதான், அக்கா" என்பாள். அதில் நடிப்பு ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை.

பிறகு கண்காட்சி வந்தது. எங்களிடம் பொம்மை செய்யக் கொடுத்திருந்த லாயக்காரரின் வெள்ளைக் குதிரையையும் அதன் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். பெயர் அட்டை அச்சாகி வந்தது. அவள் பெயர் மட்டும். உடம்பு யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: அவள் பொம்மையை நான் தொடவே இல்லை. அடுத்தவர் வேலையைக் கெடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இரண்டும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒன்றைத் தொடக் கூடாதென்றால் மற்றது இருக்கிறதே.

மதியம், லாயத்து ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். கேரட் கொண்டுபோனேன். அளவெடுக்க நான் அடிக்கடி போவதால் அதற்கு என்னைத் தெரியும். கூப்பிட்டதும் தலையைக் குனிந்து கொடுத்தது. அதிக நேரம் ஆகவில்லை. வரும் வழியில் தையல்காரியைப் பார்த்து, அவள் நாத்தனார் சண்டையை அரை மணி நேரம் கேட்டுவிட்டு வந்தேன்.

வேலிக் கம்பி கிழித்திருக்கும் என்றார்கள். இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்றார் மருத்துவர். லாயக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். பொம்மையைப் போட்டியிலிருந்து எடுத்துவிடலாமா என்று பக்குவமாகக் கேட்டேன். அவரோ என் ஓரகத்தியிடம், "இப்ப எப்படி இருக்கோ அப்படியே பண்ணும்மா. இப்பவும் அது என் பொண்ணுதானே" என்றார்.

அவள் அரை நாள் லாயத்தில் உட்கார்ந்து காயத்தைப் பார்த்தாள். வந்து, பொம்மையின் இடது கண்ணைக் குடைந்தாள், மாவைப் பிசைந்தாள். இமைக்குக் கீழே, காயத்தில் இருந்தபடியே, நூல் பிடித்ததுபோல் இரண்டு கோடுகள் வர வேண்டும். ஊசியால் இழுத்தாள். கத்தியால் இழுத்தாள். கடைசியில் தலை நிமிராமல் கையை நீட்டினாள்.

"அக்கா, உங்க கம்பியக் குடுங்க. இந்தக் கோடு வேற எதுலயும் வரல."

கொடுத்தேன். கேட்டு நான் எதைக் கொடுக்காமல் இருந்தேன்? ஒரே இழுப்பு. கோடு இரண்டாக விழுந்தது. அவள் கம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மாவு காயும் வரை பொம்மையை விட்டு நகரவில்லை. காய்ந்த பிறகுதான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டாள். வேலை என்றால் அவள் அப்படித்தான்.

பொறாமை என்று எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். அந்தப் பொம்மையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது கோடு தடித்துவிட்டது. நான் போட்டது இன்னும் சன்னம்.