சர்வேயர் தாசினெல்லியின் முப்பத்தெட்டுப் பேய்ப்படங்கள்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சிப் பண்பாட்டுக் குழுத் தலைவர் குவால்தியேரோ மாஞ்சினோத்தி அவர்களே, பங்குத்தந்தை சவேரியோ அவர்களே, இந்த மண்டபத்தை நமக்குத் திறந்துவிட்டிருக்கும் ரயில்வே தொழிலாளர் மன்றத்தாரே, ரோக்காவெர்னா ஊர்ப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். நான்கு நாட்களாக ஊர்ச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் இரங்கல் அறிவிப்பில், என் பெயருக்கு முன்னால் "நீண்டகாலத் துணைவி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. எர்மெலிந்தா பாசேரி ஆகிய நான், மருந்துக்கடை பாசேரியின் விதவை. மறைந்த சர்வேயர் ஒரெஸ்தே தாசினெல்லி நடத்திய சனிக்கிழமைப் படக் கழகத்தின் செயலாளர். முப்பத்தொரு ஆண்டுகள் நாங்கள் ஒருவரையொருவர் "நீங்கள்" என்றுதான் அழைத்தோம். அவர் என் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை. அவர் வீட்டுக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது அவர் இறந்த மறுநாள். அச்சகத்தார் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். காபிக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இன்னும் கேட்கவில்லை.

யார் இந்தத் தாசினெல்லி? இந்த ஊரின் எல்லைக்கற்கள் ஒவ்வொன்றையும் அளந்தவர் என்று தலைவர் சொன்னார். உண்மை. அண்ணன் தம்பிச் சண்டைகளை அளவுநாடாவால் தீர்த்துவைத்தவர் என்றார். அதுவும் உண்மை. பிறகு, "பழைய மலிவுப் படங்களில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு ஆர்வமும் இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொழுதுபோக்கா! தலைவர் அவர்களே, அந்த மனிதர் பொழுதைப் போக்குவதற்காக நிலத்தை அளந்தார். வாழ்ந்தது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இந்த மண்டபத்தில், புரொஜெக்டருக்குப் பக்கத்தில்.

அவரை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். எண்பத்தெட்டாம் ஆண்டு பிப்ரவரி. என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சின்யோரா, உங்க வீட்டு மாடிப்படில ஒரு பொம்பள செத்திருக்கா" என்றார்.

"என் வீட்டுல யாரும் சாகல. என் புருஷன்கூட ஆஸ்பத்திரிலதான் செத்தாரு."

"ஐயோ, மன்னிக்கணும். நான் சொல்றது அறுபத்திரண்டுல. கத்திக்குத்து. மூணு படத்துல, மூணு தடவை."

நான் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தது அறுபத்தைந்தில். அதற்கு முன்பு என் மாமனார் ரோமிலிருந்து வந்த ஒரு படக் குழுவுக்கு மூன்று நாட்கள் படிக்கட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த மூன்று நாட்களில் அவர்கள் மூன்று படங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதை ஒருவரும் என்னிடம் மூச்சுவிட்டதில்லை. சர்வேயர் படிகளை எண்ணினார். பதினேழு. நோட்டைப் பார்த்தார்.

"படத்துல முப்பத்திநாலு ஏறுறா. அப்படின்னா ஒரே படிய ரெண்டு தடவை ஏறவிட்டிருக்காங்க! நான் நெனச்சது சரிதான்!" என்று கதவருகே நின்ற என் வேலைக்காரியிடம் கை கொடுத்தார். ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ச்சியடைந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை இந்த மண்டபத்துக்கு வந்தேன். என் படிக்கட்டைப் பார்க்க வந்தேன், வேறெதற்கும் அல்ல. கன்னியர் மடத்துப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் படித்தவள் நான். பேய்ப்படம் என்றால் பாவமல்ல, நேர விரயம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது பெரிய குற்றம். வந்தேன், பார்த்தேன். படிகளின் பித்தளைக் கம்பிகளைத் துடைத்திருக்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார்!

பிறகு ஒரு மயானக் காட்சி. நள்ளிரவு என்று மணி அடிக்கிறது. ஆனால் கல்லறைகளின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுந்திருக்கிறது. பகலில், கேமராவுக்கு முன்னால் கருப்புக் கண்ணாடி வைத்து எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருக்கிறது.

"நடு ராத்திரில கோழி மேயுமா, சர்வேயர்?"

"அது நடு ராத்திரின்னு அந்தக் கோழிக்கு யாரு சொன்னா, சின்யோரா?"

நான் சிரித்தேன். இரண்டு ஆண்டுகளில் முதல் முறை.

நண்பர்களே, அவர் எதை ரசித்தார்? பயத்தையா? இல்லை. அவர் ஒருபோதும் பயந்ததில்லை. முதல் ரீலில் செத்துக்கிடக்கும் துறவி, மூன்றாம் ரீலில் தன் சவப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போவதை ரசித்தார்; ஆள் பற்றாக்குறையால் ஒரே நடிகருக்கு இரண்டு வேடம். ஒரு கை வளைந்த மெழுகுவர்த்தித் தண்டு பதினொரு படங்களில், பதினொரு கோட்டைகளில், பதினொரு பிரபுக்களின் மேசையில் நிற்பதைக் கண்டுபிடித்து ரசித்தார். வௌவாலைக் கட்டிய நூல் மின்னும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து, நூல் மின்னியதும் பெருமூச்சு விடுவார். ஆனால் ஏளனம் கூடாது. அது கழகத்தின் முதல் விதி. ஒருமுறை ரோமிலிருந்து நான்கு மாணவர்கள் வந்தார்கள். பிசாசு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்வேயர் புரொஜெக்டரை நிறுத்தி, விளக்கைப் போட்டார்.

"தம்பிங்களா, மூணே வாரம். ஒத்தக் கேமரா. மழைல நனைஞ்ச மெழுகுவத்தி. அத வெச்சுக்கிட்டு உங்கள நடுங்க வெச்சிரலாம்னு அவங்க நம்பினாங்க. நீங்க இதுவரைக்கும் எதையாவது அப்படி நம்பிச் செஞ்சிருக்கீங்களா?"

ஒருவன் மெல்ல, "இல்லீங்க" என்றான்.

"அப்ப உக்காந்து பாருங்க."

பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். பிறகு புதிதாக யாருமே வரவில்லை. ஒன்பது பேராக இருந்த கழகம், ஐந்து பேராகி, கடைசியில் சர்வேயர், சலூன் நடத்தும் இயோலாந்தா, நான் என்று மூவராயிற்று. இன்று இருவர்.

இனி நான் சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று சிலர் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

மூடப்பட்ட கொட்டகைகளிலிருந்து சர்வேயர் சேகரித்த முப்பத்தெட்டுப் படங்களும் இந்த மண்டபத்தின் நிலவறையில், தகர டப்பாக்களில் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பது செயலாளரின் பொறுப்பு. எடுத்து வைக்கும் எந்தப் பொருளையும் துடை, மூடு, காற்றுப் புகாமல் ஒட்டு, தேதி எழுது என்று மடத்தில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். நான் துடைத்தேன். மூடினேன். ஒவ்வொரு டப்பாவையும் அகலமான வெள்ளை டேப்பால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். படத்தின் பெயரை நல்ல கையெழுத்தில் எழுதினேன். அந்த அடுக்கைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு நிலவறையில் வினிகர் நாற்றம் வந்தது. கேட்டேன். "தரையத் துடைக்க வினிகர் ஊத்துறாங்க, சின்யோரா" என்றார் சர்வேயர். நான் மன்றத்தாருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினேன். மன்றத்தாரே, அந்தக் கடிதத்துக்காக இன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. திங்கட்கிழமைகளில் நான் நிலவறைக்குப் போனால் சில டப்பாக்களில் டேப் உரிந்திருக்கும்.

"என்ன அலட்சியம் இது, சர்வேயர்? யாரு பிரிச்சது?"

"நான்தான். திரும்ப ஒட்ட மறந்துட்டேன். மன்னிச்சிருங்க."

நான் மறுபடி ஒட்டுவேன். அடுத்த வாரம் மறுபடி உரிந்திருக்கும். மறுபடி ஒட்டுவேன். ஆறு ஆண்டுகள்! ஆறு ஆண்டுகள் அந்த மனிதரை மறதிக்காரர் என்று முகத்துக்கு நேரே திட்டினேன்.

அவர் இறந்த மறுநாள், அவருடைய தங்கை மகள் கேட்டுக்கொண்டதால் அவர் வீட்டுக்குக் காகிதங்களை அடுக்கப் போனேன். மேசை இழுப்பறையில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கடிதம் இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முந்தையது. இந்தப் பழைய பிலிம் மூச்சுவிட வேண்டும்; அதிலிருந்து கசியும், வினிகர் நாற்றமடிக்கும் புளித்த ஆவியை டப்பாவுக்குள் அடைத்தால் அதுவே பிலிமைத் தின்றுவிடும்; டேப் ஒட்டுவதை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது.

இயோலாந்தாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இயோலாந்தா, தலையைக் குனியாதே. நீ சொன்னதைத்தான் சொல்கிறேன்.

"அந்தக் காப்பகத்து அம்மா வந்தப்போ நானும் கூட இருந்தேன், சின்யோரா. டேப்ப கிழிச்சதும் அவங்க கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. 'யாருங்க இப்படி அடைச்சு வெச்சது?'ன்னாங்க. சர்வேயர் பட்டுனு 'நான்தான்'னுட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் சொன்னேன், செயலாளரம்மாகிட்ட சொல்லிருங்கன்னு. 'சொன்னா அவங்க அப்புறம் இங்க வரமாட்டாங்க, இயோலாந்தா'ன்னார். அதோட வாயத் தெறக்கல."

பெரியோர்களே, இறந்தவரைப் புகழும் கூட்டம் இது. ஆனாலும் சொல்கிறேன்: சர்வேயர் தாசினெல்லி செய்தது தவறு. முப்பத்தெட்டுப் படங்களைவிட ஒரு கிழவியின் தன்மானம் பெரிதா? மூன்று வாரத்தில், ஒற்றைக் கேமராவில், நம்பிக்கையோடு எடுத்த மனிதர்களின் உழைப்பைவிடப் பெரிதா? அவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்து, மறுவாரம் வந்திருப்பேன் என்று இந்த உரைத்தாளில் எழுதி வைத்திருந்தேன். இப்போது படிக்கும்போது அதை அடித்துவிடுகிறேன். வந்திருக்க மாட்டேன். அவர் என்னைச் சரியாகவே அளந்திருந்தார்.

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டாம் ரீலில் படம் நெளிந்து, சுருங்கி, அறுந்தது. "லென்ஸ் பழசாயிருச்சு" என்றார். திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம். அவர் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து மீதிப் படத்தை வாயால் சொன்னார். "இப்ப அவ கதவத் தொறக்குறா. இருங்க, அவசரப்படாதீங்க. இப்ப கீழேருந்து ஒரு கை வருது... அந்தக் கையில கடிகாரம் கட்டின தழும்பு தெரியும், பாருங்க!" நாங்கள் பார்த்தோம். அதற்குப் பின் பல சனிக்கிழமைகள் அப்படித்தான் நடந்தன. அந்தப் படங்கள் அவர் தலைக்குள் மட்டும் முழுதாக இருந்தன. சென்ற செவ்வாய்க்கிழமை அதையும் புதைத்துவிட்டோம்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாகப் பேசுபவர், அன்னாரின் பணியை நாங்கள் தொடர்வோம் என்று உறுதி கூறுவது வழக்கம். நான் கூற மாட்டேன். எனக்கு எண்பத்திரண்டு வயது. இயோலாந்தாவுக்கு எழுபத்தெட்டு. புரொஜெக்டரை இயக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. பணி தொடராது. அதை அறிந்தே பேசுகிறேன்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு காரியம். ஆறு ஆண்டுகளுக்கு முன் காப்பகத்தார் வந்து பார்த்தபோது முப்பத்தொரு படங்களைக் காப்பாற்றியிருக்க முடியும். குளிர் அறையில் வைத்துப் பிரதி எடுத்துத் தர அவர்கள் அன்றே ஒப்புக்கொண்டார்கள். டப்பாக்கள் நகராட்சியின் பதிவேட்டில் இருப்பதால் தலைவரின் கையெழுத்து மட்டும் வேண்டும். சர்வேயர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். "பார்க்கலாம்" என்றீர்கள், தலைவர் அவர்களே. மறு ஆண்டும் கொடுத்தார். "பார்க்கலாம்." ஆறு படிவங்கள், ஆறு "பார்க்கலாம்". நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அவர் உரித்துக்கொண்டிருந்தார், நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். நாம் இருவருமாகச் சேர்ந்துதான் இதைச் செய்து முடித்தோம். சென்ற வெள்ளிக்கிழமை காப்பகத்திலிருந்து மறுபடி வந்து பார்த்தார்கள். இப்போது தேறக்கூடியவை ஒன்பது படங்கள். அவற்றிலும் இரண்டு டப்பாக்களைத் திறக்கவே முடியவில்லை. இந்த மண்டபம் நகராட்சியின் உடற்பயிற்சிக் கூடமாகப் போவதால், ஜூன் முப்பதாம் தேதி நிலவறையைக் காலி செய்யக் குப்பை வண்டி வரும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள்.

ஏழாவது படிவம் இதோ. "சேதத்துக்குக் காரணம், பொறுப்பாளர்" என்ற இடத்தில் முந்தைய ஆறின் நகல்களிலும் சர்வேயர் தம் பெயரை எழுதியிருந்தார். இதில் என் பெயரை எழுதியிருக்கிறேன். எனவே நகராட்சியின் மீது பழி வரும் என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

அந்த ஒன்பதும் பிழைக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. பிழைத்தாலும் யார் பார்ப்பார்கள்? யாரும் பார்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் படிவத்தை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

கையெழுத்திடுவீர்களா மாட்டீர்களா என்பதை ஜூன் இருபதாம் தேதிக்குள் எனக்குத் தெரிவியுங்கள். மாட்டேன் என்றாலும் சரி. முகவரி படிவத்தின் பின்பக்கம் இருக்கிறது. தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.