பச்சை வண்டியின் ஐந்து கைகள்

மணி ஆறு. மாலை ஆறு. நடுச்சாமம் என்று சொல்வேன் என்று காத்திருந்தீர்களா? கெய்ரோவில் நடுச்சாமத்தில்தான் ஊரே தெருவில் நிற்கும். ஆள் அரவமே இல்லாத வேளை வேண்டுமென்றால், ரமலானில் நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்கு முந்தைய அரை மணி நேரம்தான். ஷுப்ரா பேட்டையில் அந்த நீண்ட தெரு... கடைகளைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். நடுத்தெருவில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

அந்தத் தெருக்கோடியில் ஒரு பழைய குடியிருப்பு. அதன் அடியில் ஒரு கராஜ். அங்கேதான் ராகிப் இருந்தான். என் நண்பன் மம்தூஹின் அக்கா புருஷன். நான் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை. மம்தூஹ் சொன்னதைச் சொல்கிறேன். சிரிக்கிறவன் இப்போதே சிரித்துவிடு. நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன்.

ராகிப்புக்கு வேலை, மங்கிப்போன வண்டிகளை மினுக்குவது. பெயிண்ட் அடிக்கிறவன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். இருக்கிற பெயிண்டையே மீட்டெடுப்பவன் அவன். கழுவி, களிமண் கட்டியால் தேய்த்து அழுக்கெடுத்து, நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இழைத்து, பிறகு மெஷினில் கம்பளிப் பட்டையை மாட்டி மூன்று சுற்று. கடைசியில் மெழுகு. அவன் கைபட்ட கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். ஒரே குறை, மனுஷனுக்கு நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வேலையில் இறங்கிவிட்டால் கல்யாணமும் தெரியாது, மௌத்தும் தெரியாது.

அந்தக் குறையால்தான் அவன் பெண்டாட்டி ஷாஹிந்தா இரண்டு மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். சமைத்து வைத்துவிட்டுப் பாதி ராத்திரி வரை காத்திருந்து காத்திருந்து சலித்துப் போனவள். அவள் இல்லாத வீட்டில் இவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. நான்கு தடவை போய்க் கெஞ்சினான். கடைசியில் மாமனார் தர்விஷ் ஹாஜி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை நோன்பு திறக்க வா மாப்பிள்ளை. பாங்குக்கு முன்னாடி வாசல்ல நின்னா, பொண்ணைக் கூட்டிட்டுப் போ. பாங்கு முடிஞ்சு வந்தா, வந்த வழியைப் பார்த்துப் போயிடு. இனிமே எம் படி ஏறாதே."

அந்த வியாழக்கிழமைதான் இது.

வண்டி, மேடம் இன்ஸாஃபுடையது. ஐந்தாவது மாடி விதவை. புருஷன் வாங்கிய பச்சை நிற பியூஜோ. அவர் இறந்து பத்தொன்பது வருஷமாக அது கராஜின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை வாங்குகிறவர் வருகிறார் என்று ராகிப்பை அமர்த்தினாள். துணியை விலக்கினபோது பச்சை என்றே தெரியவில்லையாம். சுண்ணாம்பு பூத்த சுவர் மாதிரி இருந்ததாம்.

மூன்று நாள் இழைத்தான். மெல்ல மெல்லப் பச்சை வந்தது. கம்பளிப் பட்டையும் பச்சையானது. பழைய பெயிண்ட் அப்படித்தான், மேல்தோல் கொஞ்சம் பட்டையில் ஒட்டிக்கொண்டு வரும்.

வியாழன் மதியம் பின்கதவில் மெஷினை வைத்தான். பச்சைக்குள்ளிருந்து ஒரு கை எழும்பி வந்தது.

பயப்படாதீர்கள். நம் ஊர் வழக்கம்தானே. புது வண்டி வாங்கினால் ஆடறுப்போம், அந்த இரத்தத்தில் உள்ளங்கையைத் தோய்த்து, கண்ணேறு படாமல் இருக்க வண்டிமேல் பதிப்போம். வெயிலில் அந்த இரத்தம் பெயிண்டைத் தின்றுவிடும். கழுவினாலும் தடம் போகாது. பாலிஷ் போடுகிறவர்கள் அதில் கை வைக்க மாட்டார்கள். சுற்றிலும் பேப்பர் டேப் ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். வண்டிக்காரரே ஒருநாள் பிஸ்மி சொல்லிக் கழுவிக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் தொழில் மரியாதை.

ஆனால் எல்லாரும் ஒரு கைதான் வைப்பார்கள். பானெட்டில், இல்லையென்றால் டிக்கியில். இதில் ஐந்து இருந்தன. நான்கு கதவுக்கும் நான்கு, டிக்கிக்கு ஒன்று. அதுவும் கதவின் நடுவில் இல்லை... கதவும் உடம்பும் சேருகிற இடுக்கின்மேல். பாதிக் கை கதவில், பாதிக் கை வெளியே. கடிதத்தை ஒட்டிவிட்டு மேலே முத்திரை குத்துவோமே, அப்படி.

ராகிப் யோசித்தான். ஒதுக்கி டேப் ஒட்டினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார், மேடம் திரும்பச் செய் என்பாள். மாடியேறிக் கேட்டுவிட்டு வரலாம். ஐந்து மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அந்த அம்மாள் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் விடமாட்டாள். இன்றைக்கு அரை மணி நேரம் அவனிடம் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேரத்துக்குப் பயந்தான் பாருங்கள், அன்றைக்குத்தான்.

அழித்தான்.

நான்கு சுலபமாகப் போயின. பட்டை மட்டும்... பச்சையாகவில்லை. கைத்தடம் இருந்த இடத்தில் மெஷின் ஓடும்போது பட்டையில் எதுவுமே ஒட்டவில்லை. ரோமம் பொசுங்குகிற வாடை வந்தது. கம்பளி சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஐந்தாவது, ஓட்டுநர் கதவு. அது போக மறுத்தது. மெஷினை நிறுத்தி, உப்புத்தாளால் இழைத்து, மறுபடி மெஷின். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதுவும் போய்விட்டது.

காவல்காரர் ஜாத், முச்சந்தியில் ஏழைகளுக்குப் போடும் பந்தியில் நோன்பு திறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார். ராகிப்பின் நல்ல சட்டை ஆணியில் தொங்கியது. போன் ஜன்னல் திட்டில் சார்ஜில் கிடந்தது. மாமனார் வீடு நடந்தால் பத்து நிமிஷம். பாங்கு ஆறரைக்கு. மிச்சம் ஒரே வேலை. கண்ணாடிகளை உள்பக்கம் துடைக்க வேண்டும். கதவை மூடிக்கொண்டால்தான் கண்ணாடி ஓரம் வரை துணி போகும். உள்ளே உட்கார்ந்தான். கதவை மூடினான்.

நாலு கண்ணாடியும் துடைத்தாயிற்று. கதவைத் திறந்தான்.

திறக்கவில்லை.

கைப்பிடி வந்தது, கதவு வரவில்லை. பக்கத்துக் கதவு... அதுவும் இல்லை. பின்பக்கம் தாவினான். இரண்டும் இல்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடி சும்மா சுற்றியது. ஹாரனை அழுத்தினான். பேட்டரியை அவனேதான் முதல் நாள் கழற்றி வெளியே வைத்திருந்தான். கத்தினான். கெய்ரோ முழுக்கத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரம்... யாருக்குக் கேட்கும்? முதுகைச் சீட்டில் அண்டக் கொடுத்து இரண்டு காலாலும் கண்ணாடியை உதைத்தான். கீறல்கூட விழவில்லை. உள்ளே புழுக்கம். மெழுகு வாடையும் பழைய சீட்டின் புழுதி வாடையும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது பாங்கு கேட்டது. முதலில் தூரத்துப் பள்ளி. பிறகு பக்கத்துப் பள்ளி. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போச்சு ஷாஹிந்தா" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதானாம்.

பாங்கு ஓய்ந்தது.

டிக்.

வெளியே பாலிஷ் மெஷினின் ஸ்விட்ச்.

முதலில் உயர்ந்த ரீங்காரம். பட்டை பெயிண்டைத் தொட்டதும் அந்தச் சத்தம் கொஞ்சம் இறங்குமே... இறங்கியது. தலைக்கு மேல், கூரையில். வலமிருந்து இடம். பாதி தள்ளி, இடமிருந்து வலம். அவசரமில்லை. ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையைப் பாதி மூடிக்கொண்டு. ராகிப் எப்படிச் செய்வானோ, அப்படியே.

யார் என்று பார்க்கக் குனிந்தான். கூரை, பிறகு பானெட், பிறகு கதவு. சத்தம் எங்கே இருக்கிறதோ அங்கே ஆள் தெரியவில்லை. வயர் மட்டும் தரையில் அரை அடி அரை அடியாக நகர்ந்தது.

மெஷின் நின்றது. குழாய் திறந்தது. கை கழுவுகிற சத்தம்... ரொம்ப நேரம். பிறகு திட்டில் கிடந்த ராகிப்பின் போன் அடித்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ராகிப்புக்கு நன்றாகக் கேட்டது. அவனுடைய குரல். அவனுடைய இருமலோடு.

"வாசலுக்கு வந்துட்டேன் மாமா. கதவைத் திறக்கச் சொல்லுங்க."

ஷட்டர் ஏறியது. ஷட்டர் இறங்கியது. இந்தத் தடவை முழுக்க.

எவ்வளவு நேரம் இருட்டில் கிடந்தான் என்று தெரியாது. ஜாத் வந்து ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, வண்டிக்குள் ஆளைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். ஒரு விரலில் திறந்தது. மணி எட்டு. ஜாத்தின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நீங்க பாங்குக்கு முன்னாடியே பந்திப் பக்கமா வந்து எனக்குப் பேரீச்சம்பழம் குடுத்துட்டுப் போனீங்களே உஸ்தா... புதுச் சட்டையோட."

பாங்குக்கு முன்னாடியாம். ராகிப் மெஷின் சத்தத்தைக் கேட்டதோ பாங்குக்கு அப்புறம். ஆணியில் சட்டை இல்லை. போனும் இல்லை.

ஓடினான். மாமனார் வீட்டுக் கதவைத் திறந்தது மம்தூஹ். அழுக்கு உடையும் வேர்வையுமாக நின்றவனைப் பார்த்து அவன் சொன்னது இதுதான்: "பாங்குக்கு முன்னாடியே வந்து நோன்பு திறந்துட்டு, இப்பதானே மச்சான் அக்காவோட கிளம்பினீங்க? அக்கா எங்க?"

மம்தூஹ் வீட்டு உடையைக்கூட மாற்றவில்லை. டாக்சி பிடித்தார்கள். போகிற வழியில் ராகிப் நான் உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னான். மம்தூஹ், மச்சானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தானாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று துஆவும் செய்தானாம்.

ராகிப்பின் வீடு மூன்றாவது மாடி. விளக்கு எரிந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ராகிப் நின்றுவிட்டான். மேலே வரவில்லை. மம்தூஹின் தோளைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னான்.

"உள்ளே இருக்கிறவன்கிட்ட என் உம்மா பேரைக் கேளு. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

உம்மாவின் பெயரையும் சொன்னான். நம்மில் எந்த ஆண் அதை வெளியில் சொல்வான்? பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். சூனியம் வைக்கிறவன் முதலில் கேட்பதே உம்மாவின் பேரைத்தான், அது கிடைத்தால் ஆளே அவன் கையில். அந்த அம்மாள் ராகிப்புக்கு நாலு வயதாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார்கள். 

மம்தூஹ் மேலே போய்க் கதவைத் தட்டினான்.

ஷாஹிந்தா திறந்தாள். சிரித்துக்கொண்டே திறந்தாள். அக்கா சிரித்து அவன் பார்த்து இரண்டு வருஷம் ஆயிற்றாம். உள்ளே சோபாவில் ராகிப், நல்ல சட்டையோடு, கையில் தேநீர். எழுந்து நின்றான். "வா மச்சான், உட்காரு. கண்டிப்பா ஒரு டீ குடிக்கணும்" என்றான். இருமினான்.

மம்தூஹ் உட்கார்ந்தான். கேள்வி நாக்கின் நுனியில் நின்றது. கேட்டு, சரியாகச் சொல்லிவிட்டால்... படியில் நிற்பவன் யார்? தப்பாகச் சொன்னால்... இந்த அறையில், கதவுக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற இதை அவன் என்ன செய்ய முடியும்? அக்கா கரண்டியால் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். மம்தூஹ் தேநீரைக் குடித்தான். வாய் வெந்தது. கேட்கவில்லை.

வெளியே வந்தபோது படியில் யாரும் இல்லை. கீழே தெருவரை போய்ப் பார்த்தான். கூப்பிட்டுப் பார்த்தான். அன்றிலிருந்து ஷுப்ராவில் எந்தப் பாலிஷ் கடையிலும் அப்படி ஒருவனை யாரும் பார்க்கவில்லை. தான் செய்தது துரோகமா என்று மம்தூஹ் என்னிடம் கேட்டான். 

ஏழு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். நல்ல குடும்பம். மனுஷன் ஒருநாள்கூட வீட்டுக்குத் தாமதமாக வந்ததில்லை. மாமனாருக்கு அவன் என்றால் உயிர்.

போன ரமலானில் எல்லாரும் ஒன்றாக நோன்பு திறந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பெண்கள் உள்ளே போனதும், அவன் மம்தூஹின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். கையைத் துடைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு காதோடு, மெதுவாக, கேட்டான்.

"அன்னைக்குப் படியில அவன் உன்கிட்ட ஒரு பேர் சொன்னானே மச்சான்... அது என்ன பேரு?"