பாட்டில்காரன் சொல்லிக் கொடுத்த விடைகள்

வெயில் நாளில்கூட நான் தண்ணீரில் ஐஸ் போடுவதில்லை. பல் கூசுகிறது என்பார்கள் ஆட்டக்காரர்கள். பாதிப் பேருக்கு முன்பல்லே கிடையாது; மிச்சமிருப்பதாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் ரக்பி லீக் பார்க்கிறவர்களா, தெரியவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பாட்டிலோடு உள்ளே ஓட, தண்ணீர் கொடுக்கும் எங்களுக்கு அனுமதி உண்டு. பயிற்சியாளர் சொல்வதை வீரர்கள் காதில் போடுவதும் எங்கள் வேலைதான். கிராக்டன் அணிக்காக லங்காஷயர் மழையிலும் சேற்றிலும் அதை மனசாரச் செய்தேன்.

கிளென் ஹெஸ்கத் என் தங்கை ஷெரிலின் புருஷன். கூரைக்கு ஓடு மாட்டிக்கொண்டிருந்தவனைக் கிளப்புக்குக் கூட்டி வந்ததே நான்தான். அவன் முன்வரிசை ஆட்டக்காரன். அதாவது பந்தை வாங்கிக்கொண்டு, மூன்று தடியர்கள் நிற்கும் இடமாகப் பார்த்து நேரே போய் முட்ட வேண்டியவன். சந்து பார்த்து நுழைவது மற்றவர்கள் வேலை. ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. சிப்ஸ் கடையில் அவனுக்குக் கிரேவி இலவசம். ஒரு மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்?

தலையில் அடிபட்டவனை டாக்டர் வெளியே கூட்டிப்போய்ச் சோதிப்பார். சில சொற்களைப் படித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும், ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஜனவரியில், சீசனுக்கு முன்பு, நல்ல தலையோடு வாங்கிய மதிப்பெண்ணோடு அதை ஒப்பிடுவார். குறைந்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. ஜனவரியிலேயே குறைவாக வாங்கிவிட்டால் அப்புறம் எங்கிருந்து குறையும்? அந்த யோசனை என்னுடையது.

"மச்சான், நவம்பருக்கு முன்னாடி என்னன்னு கேட்டா கொஞ்சம் முழி. கால மாத்தி மாத்தி வை. ரொம்ப நடிச்சிராத, டாக்டர் ஒண்ணும் கேனையன் இல்ல."

"ஏற்கெனவே ஊருக்குள்ள மண்டுன்னுதான் பேரு. இதுல நடிக்க வேற செய்யணுமா?" என்று சிரித்தான் கிளென்.

வெளியே கூட்டிப்போக வேண்டுமா என்று பார்க்க முதலில் களத்துக்குள் கேட்கும் கேள்விகள் இன்னும் சுலபம். இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினோம். எப்போதும் இவைதான், கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியான பரீட்சை. எங்கள் டாக்டருக்கு மூட்டுவலி, மெதுவாகத்தான் ஓடி வருவார். அதற்குள் நான் போய் அவன் வாயில் தண்ணீரையும் காதில் விடைகளையும் ஊற்றிவிடுவேன்.

மூன்றாவது ஜனவரியில் நானே அசந்துபோனேன். பத்துச் சொல்லில் மூன்றுதான் சொன்னான். மாதங்களில் ஆகஸ்டிலேயே வழி தவறினான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டான். வெளியே வந்தவன் முதுகில் தட்டினேன்.

"பின்னிட்ட மச்சான். சினிமாவுக்கே போகலாம் நீ."

"நான் நடிக்கல. இந்தத் தடவை ஒழுங்காச் சொல்லணும்னுதான் பார்த்தேன்."

"அட, அதுதான்டா நடிப்பு," என்றேன். அவன் சிரிக்கவில்லை. பசியாக இருந்திருக்கும்.

ஷெரிலும் வந்தாள். "அண்ணே, அடுப்பப் பத்த வச்சிட்டு மறந்துபோயிடுறாரு. கார எங்க விட்டோம்னு தெரியாம நடந்தே வீட்டுக்கு வர்றாரு. ஆடினது போதும்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு." நடப்பது உடம்புக்கு நல்லது என்றேன். அந்த ஆண்டு நாங்கள் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனோம். நான் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு கிராக்டன் அங்கே போனதில்லை. அவள் குடும்பம் ஒன்று. இங்கே ஒரு ஊரே காத்திருந்தது.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஒருவன் தோள் கிளெனின் தாடையில் இறங்கியது. நான் போனபோது கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "யாரோட ஆடுறோம்?" என்று கேட்டான். சொன்னேன். "நீ யாரு?" என்றான். அதையும் சொன்னேன். முகத்தைக் கழுவிவிட்டு, விடைகளை இரண்டு முறை காதில் ஓதினேன். டாக்டர் வந்து கேட்டார். கிளென் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் பாதியில் அவன் இன்னொரு முறை நேரே போய் முட்டினான். எழுந்திருக்கவில்லை. அந்த மோதலில் பின்னால் தெறித்த பந்தை எங்கள் பையன் ஒருவன் எடுத்து ஓடினான். கோப்பை எங்களுக்கு.

இப்போது கிளெனுக்குச் சோறு ஊட்ட வேண்டும், வாய் துடைத்துவிட வேண்டும். ஷெரில் என்னோடு பேசுவதில்லை. குளிக்கவைக்கத் தூக்கிப் பிடிக்க ஆள் தேவை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கதவைத் திறப்பாள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்த மூன்றாவது ஜனவரியில் அவன் நடிக்கவில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். இறுதி ஆட்டத்தில், என்னையே யாரென்று தெரியாதவனை, தெரிந்தேதான் திரும்ப ஆடவைத்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கிளென் என்னை மன்னித்துவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை, "உம்மேல எனக்குக் கோபமில்ல மச்சான்" என்று அவன் வாயாலேயே தெளிவாகச் சொன்னான். காலையில்தான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதுமாக இருந்தது.