சாப்பிட வந்த விமானம்

ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் வெவ்வேறு பட்டாசு ஆலைகளுக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“எண்ணெய்ப் பரோட்டா திங்கவாக்கா ஏரோப்ளேன்ல வருவாக?”

“எங்க மொதலாளியோட சிநேகிதராம். பக்கத்துல இருக்க சின்ன ஏர்போர்ட்டுல எறங்கி, மத்தியானம் தின்னுட்டுப் போனாகளாம். வரும்போது எங்க ஆலைக்கு மேல தாழப் பறந்துச்சு பாரு, அந்தச் சத்தத்துல ஆலைதான் வெடிச்சிருச்சுன்னு நெனச்சு சோத்தப் போட்டுட்டு எல்லாரும் கருவேலங்காட்டுக்குள்ள ஓடிட்டோம்.”

“ஒங்கம்மா?”

“அதுக்குத்தான் போன வருச வெடியிலயே காது போச்சே. முதுகக் காட்டி ஒக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. நானும் தொட்டுக் கூப்பிடாம ஓடிட்டேன்.”

மடியிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை நேராக வைத்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

“திரும்பி வந்தா, நான் சிந்துன சோத்த அள்ளிக்கிட்டே கேக்குது, ‘சாப்பிடாம எங்கடி போன?’ன்னு.”