கல்மரத்து நிழலில் ஒரு சிநேகிதி

திண்டிவனம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருவர். ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு கேட்கக் கேட்க நான் முறுக்கு மெல்வதையே நிறுத்திவிட்டேன்.

"செல்வி, உன் பேஸ்புக் பிரண்டு கல்மரத்து நெழல்ல உக்காந்து படிக்கிறாளாமே?"

"ஆமாண்டி. திருவக்கரைப் பொண்ணு, நம்ம வயசுதான்."

"அடிப் போடி! அந்தக் கல்மரத்தையெல்லாம் நான் பாத்துருக்கேன். எப்பவோ கல்லா மாறிப்போன மரம்டி, பாறாங்கல்லாட்டம் தரையில படுத்துக்கினு கெடக்குது. நெழல் எங்கேர்ந்து வரும்? அது அந்த ஊரே இல்ல. பொண்ணுதானான்னே தெரியல."

செல்வி குரலை இறக்கினாள். "என் போட்டோ ஒண்ணு அனுப்பிட்டேன்டி. இன்னும் கேக்குது. அம்மாக்குத் தெரியக் கூடாதாம்."

"அப்போ அம்மாகிட்டதான் மொதல்ல சொல்லணும்."

"போனைப் புடுங்கிக்குவாங்க."

"புடுங்கட்டும்."

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் செல்வி அம்மாவின் நம்பரை அழுத்தினாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டு."

எல்லாவற்றையும் சொல்லி முடித்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கே வர்றாங்களாம்டி."

"எதுக்கு, அடிக்கவா?"

"இல்லடி. தனியா வராத, நான் வந்து கூட்டிக்கினு போறேன்னு அழுவுறாங்க."