முந்நூற்றுப் பன்னிரண்டு 'லவ்'

ஹில்க்கா: ...அன்னிக்கு நாங்க கிளப்பின நீராவியில இந்த ஏரி முழுக்கப் பனிக்கட்டி உருகிப்போச்சு மெர்வி. பிப்ரவரி மாசம். கோடை வந்துடுச்சுன்னு நெனச்சு கரையில இருந்த வாத்தெல்லாம் முட்டை போட்டுச்சு.

என்சியோ: ஆரம்பிச்சாச்சு.

மெர்வி: ஹில்க்கா, நான் பதிப்பகத்துலேர்ந்து வந்திருக்கேன். வாத்து முட்டைய வச்சு நான் என்ன பண்றது?

ஹில்க்கா: அங்கதான் வர்றேன். அந்த ஆவியிலதான் பென்னிங் என் மொழிபெயர்ப்புக்குச் சம்மதம் சொன்னார். புத்தகம் எழுதின இங்கிலீஷ்காரர், துண்டக் கட்டிக்கிட்டு, இந்தக் கிளப்போட இதே சவுனாவுல, இந்த நீராவி அறையில, நாம உக்காந்திருக்கிற இதே மேல்பலகையில...

என்சியோ: சொல்லல.

ஹில்க்கா: நீ இருந்தியா?

என்சியோ: நான் எங்க இருந்தேன்? துர்க்கு ஊர்ல என் தங்கச்சி பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷம். நான் அங்க. முப்பத்தெட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஹில்க்கா: இல்லாத ஆளுக்கு, சொல்லலைன்னு மட்டும் எப்படித் தெரியும்?

என்சியோ: அந்தப் புத்தகத்துக்கு எடிட்டர் நான். சொல்லியிருந்தா எனக்குத் தெரியாம போகுமா?

மெர்வி: ரெண்டு பேரும் கொஞ்சம்... நாளைக்கு மறுபதிப்பு அச்சுக்குப் போகுது. இங்கிலீஷ்ல 'லவ்'னு முந்நூத்திப் பன்னெண்டு இடத்துல வருது. உங்க ஃபின்னிஷ்ல அதுக்கு நேரான வார்த்தை எத்தன தடவ வருது தெரியுமா?

ஹில்க்கா: ஒரு தடவகூட இல்ல.

மெர்வி: பெருமையா வேற சொல்றீங்க.

ஹில்க்கா: பின்ன, அழணுமா?

மெர்வி: பென்னிங்கோட மக கடிதம் போட்டிருக்காங்க. அப்பா இதுக்குச் சம்மதிச்சார்னு சாட்சி காட்டுங்க, இல்லாட்டி எல்லா இடத்துலயும் அந்த ஒரே வார்த்தையப் போடுங்கன்னு. கம்ப்யூட்டர்ல அரை நிமிஷ வேலை.

ஹில்க்கா: தாராளமா போடுங்க. போட்டுட்டு அட்டையிலேர்ந்து என் பேரச் சுரண்டி எடுத்துடுங்க. ஒரு எழுத்த நான் மாத்த மாட்டேன்.

மெர்வி: அந்த வார்த்தை மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?

ஹில்க்கா: கோபமா? மரியாதை. உங்கப்பா உங்கம்மாகிட்ட அதை எத்தன தடவ சொல்லியிருக்கார்?

மெர்வி: ...நான் கேட்டதில்ல.

என்சியோ: எங்கப்பா ஒரு தடவ சொன்னார். அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் நாப்பது டிகிரி. அம்மா பயந்துபோய் டாக்டரக் கூட்டிட்டு வந்துட்டா.

ஹில்க்கா: கேட்டீங்களா? அந்தக் கதையில ஒரு மீன்காரி, வர்றவன் போறவன எல்லாம் 'லவ்'னு கூப்பிடறா. நம்ம சந்தையில அப்படிக் கூப்பிட்டா, மீன் வாங்க வந்தவன் பாதிரியாரோட திரும்பி வருவான். நான் 'வாங்க, காலையில பிடிச்சது'ன்னு போட்டேன். சூப்ப லவ் பண்றவனுக்கு, 'இன்னும் ஒரு கரண்டி'. ஃபோன வைக்கிறப்ப பொண்டாட்டி சொல்ற லவ்வுக்கு, 'கையுறைய மறந்துடாத'.

மெர்வி: சரி. கடைசி அத்தியாயத்துல புருஷன் சாகக் கிடக்கான். பொண்டாட்டியப் பாத்து அந்த ஒரு வார்த்தைதான் சொல்றான். அங்கயாவது...

என்சியோ: 'கொட்டகையில விறகு அடுக்கிட்டேன். மார்ச் வரைக்கும் தாங்கும்.'

ஹில்க்கா: மனப்பாடமா இருக்கே எடிட்டருக்கு.

என்சியோ: எடிட்டர்னா இருக்கும். அடுப்புக் கல்லு மேல தண்ணிய ஊத்து.

ஹில்க்கா: இந்தா... மெர்வி, காதப் பொத்திக்கோங்க, சுடும். அப்ப இந்த மனுஷன் முந்நூத்திப் பன்னெண்டையும் செவப்பு மையால அடிச்சு வச்சான். நான் விடல. பென்னிங் அந்த வாரம் இங்க தாம்பரேக்கு வந்திருந்தார். அவர நடுவரா வச்சு பந்தயம். மூணு பேரும் மேல்பலகையில. எங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல கதவத் திறக்கிறாங்களோ, அவங்க விட்டுக்கொடுக்கணும்.

என்சியோ: புத்தகத்த இப்படியா தீர்மானிப்பாங்க? இவ கட்டிவிட்ட கதை.

ஹில்க்கா: முடிஞ்சதும் பென்னிங் அடுப்புக் கம்பியப் பழுக்கக் காய்ச்சி, பலகையில சுட்டு எழுதினார். 'ஹில்க்கா போட்டதுதான் என் சொல்'னு. கீழ கையெழுத்து.

மெர்வி: எங்க அந்தப் பலகை?

ஹில்க்கா: மறுநாளே காணோம். அடியில தடவிப் பாருங்க... இது ஒண்ணு மட்டும் வேற மரம்.

என்சியோ: உளுத்துப்போச்சு. கிளப்புல மாத்தினாங்க.

ஹில்க்கா: துர்க்குல இருந்தவனுக்கு உளுத்ததும் தெரிஞ்சிருக்கு.

மெர்வி: ஹில்க்கா, எனக்கு நம்பணும்னு ஆசைதான். ஆனா பென்னிங் இப்ப இல்ல. பலகை இல்ல. இருக்கிற ஒரே ஆளும் 'நான் அங்க இல்ல'ங்கிறார். அந்த மகளுக்கு நான் என்னத்த எழுதறது?

ஹில்க்கா: இவன விடுங்க, பாவம். அவனுக்குச் சொல்ல வெக்கம். எனக்கே சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு... நாலு நிமிஷம்.

என்சியோ: என்ன நாலு நிமிஷம்?

ஹில்க்கா: நாலு நிமிஷத்துல ஓடிட்டான் மெர்வி. பன்னிக்குட்டி மாதிரி கத்திக்கிட்டு போய்ப் பனியில விழுந்தான்.

மெர்வி: ஏரியே உருகிச்சுன்னீங்க. அந்தச் சூட்டுல நாலு நிமிஷம்னா...

ஹில்க்கா: உருகினது இவன் போனப்புறம். இவன் இருந்தவரைக்கும் அறுபது டிகிரிகூட இல்ல. அதுவும், சொன்னா நம்ப மாட்டீங்க, மேலே தாங்கலைன்னு கீழ்ப்பலகைக்கு இறங்கிட்டான்.

மெர்வி: கீழ்ப்பலகையா? பிள்ளைங்க உக்கார்ற இடத்துலயா?

ஹில்க்கா: பிள்ளைங்ககூட பரவால்ல. தலையில ஈரத்துணி வேற...

என்சியோ: ஏய்.

ஹில்க்கா: என்ன?

என்சியோ: மேல்பலகை. இருபத்தாறு நிமிஷம். நூத்திப் பதினெட்டு டிகிரி. ஈரத்துணி போட்டுக்கிட்டது உன் பென்னிங். பத்தாவது நிமிஷமே கீழ இறங்கி வாளிக்குள்ள தலைய விட்டுக்கிட்டிருந்தார். நான் கத்தல. கதவ மெதுவாச் சாத்திட்டுத்தான் போனேன்.

மெர்வி: ...துர்க்குல அவ்வளவு சூடா?

ஹில்க்கா: நிதானமா சொல்லு. முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தேன், இன்னும் ஒரு கரண்டி ஆவிக்குக் காத்திருக்க மாட்டேனா?

என்சியோ: பலகை என் கோடை வீட்டு சவுனாவுல இருக்கு. எழுத்து கீழ்ப்பக்கமா. அதுமேலதான் உக்கார்றேன்.

ஹில்க்கா: திருட்டுப்பயலே. ராவோட ராவா அறுத்துட்டுப் போனியா?

என்சியோ: தோத்தவன்னு என்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருந்தாரே. ஆபீஸ்ல தெரிஞ்சா? பொம்பள கூடப் போட்டியில முதல்ல எழுந்து போனவன்னு...

மெர்வி: எரிச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே.

என்சியோ: எரிக்கத்தான் கொண்டுபோனேன். அதுக்குள்ள என் பொண்டாட்டி மேசையில கிடந்த அந்தக் கடைசி அத்தியாயத்தப் படிச்சிட்டா. ஒண்ணும் பேசல. எழுந்து போய் எங்க விறகுக் கொட்டகையத் திறந்து பாத்துட்டு வந்தா. நான் அடுக்கி வச்சது ரொம்பியிருந்துச்சு. வந்து எனக்குக் காப்பி ஊத்தினா... அப்புறம் எப்படி எரிக்கிறது?

மெர்வி: அப்ப நான் அந்த மகளுக்கு என்ன எழுதட்டும்?

என்சியோ: நடந்துச்சுன்னு எழுதுங்க. காலையில வந்து பலகையப் படம் எடுத்துக்கோங்க. இருபத்தாறு நிமிஷம்னும் சேத்து எழுதுங்க.